தட்டிலிருந்து ஒரு கவளம்

ஃபெலிசா எஸ்கோட்டே நின்றுகொண்டே உண்பவள். வயது ஐம்பத்தொன்று. தட்டை இடக்கையில் ஏந்திச் சுவரில் ஒரு தோளைச் சாய்த்து ஆறேழு வாயில் முடித்துவிடுவாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும். தங்கையின் வீட்டுக்குள் நுழையும்போதும் கதவைத் தட்டுவாள். குளிர்பதனப் பெட்டியைத் திறக்குமுன் அருகில் எவரேனும் இருக்கிறார்களா என்று பார்த்து, "தெறக்கட்டுமா?" என்று கேட்பாள். துணிமணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கமாட்டாள். வேண்டியதை எடுத்துக்கொண்டு பெட்டியை உடனே மூடிவிடுவாள். இருபத்துமூன்று ஆண்டுகள் சவூதியின் ஜெத்தா நகரில் ஒரு குடும்பத்துக்குச் சமைத்தும் துடைத்தும் கழித்தவள். இவையெல்லாம் பிறர் கண்ணுக்குத் தெரியும் பழக்கங்கள் என்பதையே அவள் அறிந்தாளில்லை.

இரண்டு மாத விடுப்பில் பிலிப்பைன்ஸில், தங்கை வாழும் லெமரிக்கு வந்திருந்தாள். விடுப்பு முடிய இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. மீண்டும் இரண்டாண்டுக்கு ஒப்பந்தம் எழுதுவதா இல்லையா என்பதைச் சனிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டுமென்று மணிலாவிலிருந்த முகவர் அலுவலகம் கேட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கேட்பதுதான். ஒவ்வொரு முறையும் அவள் மறுநாளே சரியென்று சொல்லிவிடுவாள். இம்முறை மூன்று வாரங்களாகச் சொல்லாதிருந்தாள். மகள் ஜொனாலின் நான்கு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறக்கும்போது தான் இங்கே இருக்கலாமா என்று ஃபெலிசா கேட்டிருக்கலாம்; ஆனால் அதற்கு மகள், "உங்க இஷ்டம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த அச்சத்தினாலேயே கேளாதிருந்தாள்.

ஜொனாலின் மூன்று வயதிலிருந்து தன் சித்தி விசிங்கிடம் வளர்ந்தவள். ஃபெலிசாவும் விசிங்கும் பீகோல் பக்கத்துச் சோர்சோகோனில் பிறந்தவர்கள். தேங்காய்ப்பாலும் மிளகாயும் இல்லாமல் அங்கே அடுப்பு எரிவதில்லை. விசிங் மணமாகி லெமரிக்கு வந்தாள். சந்தைக்கு எதிரே, பயணிகளை ஏற்றும் ஜீப்புகள் நிற்குமிடத்தில், ஆறு மேசைகள் கொண்ட மராசிகன் உணவகம் அவள் கணவன் வீட்டாருடையது. வருபவர்கள் தாமே பானை மூடிகளைத் தூக்கிப் பார்த்து, மூக்கை நுழைத்து, இதில் ஒன்று அதில் ஒன்று என்று விரலை நீட்டுவார்கள். ஜொனாலின் அங்கேதான் தவழ்ந்து, படித்து, இப்போது பரிமாறுகிறாள். விசிங்கை அவள் 'இனாய்' என்று அழைப்பாள். இங்கே பெற்றவளை அழைக்கும் சொல் அதுவே. ஃபெலிசாவை 'மம்மி' என்பாள். தொலைபேசிக்கென்றே ஏற்பட்டது போன்ற சொல்.

வந்த முதல் வாரத்தில் ஃபெலிசா மகளுக்காக அடோபோ என்னும் இறைச்சிக் குழம்பு சமைத்தாள். ஜெத்தாவில் வெள்ளிக்கிழமைகளில் தோழியர் கூடும்போது எல்லாரும் விரும்பிக் கேட்பது அவளுடைய அடோபோவைத்தான்; சோயாவில் கறுத்து, பளபளத்து, இனிப்பும் புளிப்புமாக இருக்கும். ஜொனாலின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்னது?"

"அடோபோம்மா."

"அடோபோ மஞ்சளால்ல இருக்கும்," என்றாள் ஜொனாலின். கேலியாகச் சொல்லவில்லை, வானம் நீலமாக இருக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு ஒரு துண்டை எடுத்து உண்டு, "நல்லாருக்குங்க மம்மி, ரொம்ப நன்றி," என்று கூறி மூடியை மறுபடி வைத்துவிட்டாள்.

ஃபெலிசா இருபத்துமூன்று ஆண்டுகளாக மகளின் காலணி அளவை அறிந்திருந்தாள். ஒவ்வோர் ஆண்டும் அது மாறியதையும் அறிந்து அனுப்பியிருந்தாள். அவள் உண்ணும் அடோபோவின் நிறத்தை அறிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அவள் உணவகத்தின் சமையற்கட்டுக்கு வந்து, "உள்ள வரட்டுமா?" என்று கேட்டாள். விசிங் பூண்டு நசுக்கிக்கொண்டே, "இந்தக் கேள்விய இன்னொரு தடவ கேட்டீனா தொடப்பத்தால அடிப்பேன்க்கா," என்றாள்.

அவ்வாறு தொடங்கியது. பன்றியிறைச்சியைக் காடியிலும் பூண்டிலும் வேகவைத்து, பச்சை மஞ்சளை இடித்துப் போட்டு, கொழுப்பு உருகித் தானே பிரியும்வரை காத்திருக்க வேண்டும். சோயா ஒரு துளியும் கூடாது. லோமிக்கு, விரற்பருமனுள்ள நூடுல்ஸைக் கொதிக்கும் சாற்றிலிட்டு மரவள்ளி மாவு கரைத்து ஊற்றினால் கரண்டி நிற்குமளவு இறுகும். அந்த அண்டாவை விசிங்கின் கணவன் வேறெவரையும் தொடவிடமாட்டான். விசிங் செய்முறையோடு நிறுத்தவில்லை, ஜொனாலினைப் பற்றியும் சொன்னாள். "காய்ச்சல் வந்தா இவளுக்கு லோமிதான். முட்டை ரெண்டு உடைச்சு ஊத்தணும், ஒண்ணு ஊத்துனா எண்ணிப் பார்த்துட்டு அழுவா." "எலும்பு சூப்புல மஜ்ஜைய உறிஞ்சி எடுக்கத் தெரியாம முன்பல்ல ஆட்டிக்கிட்டு வந்து நின்னா. அஞ்சு வயசு." "பள்ளிக்கூடத்துல ஒருத்தன் ஏமாத்துனப்ப நாலு நாள் ஒண்ணும் திங்கல. அஞ்சாம் நாள் துலிங்கான் சட்டிய நானே மூடி தெறந்து அவ ரூம் வாசல்ல வச்சேன். வந்துட்டா." ஃபெலிசா தலையசைத்துக்கொண்டே கேட்டாள். உணவின் பெயர்களைச் சிறு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் மகளின் வயதையும் எழுதினாள்.

துலிங்கான் என்பது அந்தக் கடலில் கிடைக்கும் சிறு சூரைமீன். அதைச் சமைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வயிற்றைக் கீறிக் கழுவி, வாலை முறுக்கி உள்நரம்போடு இழுத்துவிட வேண்டும். உப்பிட்டு, உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கி, வாழையிலையில் சுற்ற வேண்டும். மண்சட்டியின் அடியில் கொழுப்பையும் உலர்த்திய, புளிப்பான பிலிம்பிக்காயையும் பரப்பி அதன்மேல் மீனை அடுக்கி, விறகுத் தீயில் அரை நாள் விட்டுவிட வேண்டும். "அழுத்துற அழுத்துலதான் இருக்கு," என்றாள் விசிங். "மெதுவா அழுத்துனா உப்பு உள்ள போவாது. ரொம்ப அழுத்துனா பிஞ்சிரும். எனக்கே ஒரு வருசம் ஆச்சு. என் மாமியா தினமும் ஒரு மீன என் முகத்துக்கு நேரா ஆட்டிக் காட்டுவா."

இதற்கிடையில் ஜொனாலினுக்கு மசக்கை முற்றியது. புளிப்பு மாங்காய் வேண்டுமென்பாள், கொண்டுவந்தால் தள்ளிவிடுவாள். அதையெல்லாம் விடப் பெரிது, தாயைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல் மூண்டது. அதுவரை ஒவ்வொரு விடுப்பிலும் விருந்தாளிக்குச் செய்வதுபோல் நல்ல தட்டு, நல்ல நாற்காலி என்று உபசரித்தவள், இப்போது ஃபெலிசாவின் செருப்புச் சத்தம் ஆகவில்லை என்றாள். அவள் பூசும் தைலத்தின் வாடை குடலைப் பிரட்டுகிறது என்றாள். ஒருநாள் நண்பகலில், கூட்டம் நிறைந்திருந்தபோது, தட்டுகளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி, "இப்படி என் கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டே இருக்காதீங்க. ஒண்ணு உக்காருங்க, இல்ல போங்க," என்று கூறிவிட்டாள்.

மூலை மேசையிலிருந்த முன்னாள் ஜீப் ஓட்டுநர் டோரோ கிழவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஃபெலிசா, போச்சு போ. பொண்ணுக்கு உன்மேலதான் மசக்கை."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தனர். கர்ப்பிணியின் மசக்கை உணவின்மேல் மட்டுமன்றி மனிதர்மேலும் விழும் என்பது அவ்வூராரின் துணிபு. எவரைக் கண்டால் அவளுக்குப் பொறுக்கவில்லையோ, அவருடைய முகம் பிள்ளைக்கு வந்துவிடும்.

"அச்சு அசலா நீதான் வந்து பொறக்கப் போற," என்றார் டோரோ. "இதே தாடை, இதே நெத்தி."

"வேணாங்க டோரோ அண்ணே," என்றாள் விசிங். "ஒரு மூஞ்சியப் பாக்கவே கண்ணு ரெண்டு போதல."

"என் புருசன் மூக்கு ஒண்ணுதான் உருப்படியா இருக்கு. அதையும் கெடுத்துறாதீங்க எல்லாரும்," என்று ஜொனாலின் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் சுளிப்பின் ஓரத்தில் சிரிப்பு ஒட்டியிருந்ததை விசிங் கண்டாள். ஃபெலிசா காணவில்லை. அவள் கழுவுதொட்டியைப் பார்த்து நின்றிருந்தாள்.

"மசக்கைன்னு சொல்றாங்க," என்றாள் அன்று மாலை தங்கையிடம். "அது மசக்கையா இல்லன்னா?"

"இல்லன்னா என்ன? என்கூட இருவது வருசம் சண்டை போட்டா. கதவ அறைஞ்சா, சாப்பாட்ட வீசுனா, நீ எனக்கு அம்மாவே இல்லன்னு கத்துனா. உன்கிட்ட இத்தன வருசத்துல ஒரு சொல்லு பேசியிருப்பாளா? இப்பத்தான் உன் முறை வந்துருக்கு. வாங்கிக்க."

வெள்ளிக்கிழமை வந்தது. ஃபெலிசா நான்கு மணிக்கே எழுந்து சந்தைக்குப் போய், பன்னிரண்டு துலிங்கான் வாங்கிவந்து, முதன்முறையாக எவர் துணையுமின்றிச் சட்டியை ஏற்றினாள். மீனை அழுத்தும்போது கண்களை மூடிக்கொண்டாள்; எலும்பு நெகிழ்வதை உள்ளங்கையால் அறிய முயன்றாள். நண்பகலில் சட்டி திறந்தது. விசிங் அதை மற்றப் பானைகளோடு வரிசையில் வைத்தாள். மூடியைத் தூக்கியவர்கள் விரலை நீட்டினார்கள். இரண்டு மணிக்குக் கூட்டம் குறைந்தபோது சட்டியின் அடியில் பிய்ந்துபோன ஒரு மீனே எஞ்சியிருந்தது. ஃபெலிசா அதைச் சோற்றின்மேல் இட்டு, அடியில் தேங்கிய சாற்றை ஊற்றிக்கொண்டு, வழக்கம்போல் சுவரோரம் நின்றாள்.

ஜொனாலின் காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை; இருமுறை வாந்தியெடுத்திருந்தாள். கை துடைத்துக்கொண்டே வந்தவள் தாயின்முன் நின்று தட்டைப் பார்த்தாள். பிறகு, கேளாமலே, தலைப்பக்கத்துச் சதையை விரலால் பிய்த்து, பிலிம்பிக்காயின் ஒரு துண்டோடு சோற்றில் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். ஃபெலிசா தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"உப்பு கம்மி," என்றாள் ஜொனாலின். இன்னொரு கவளம் எடுத்தாள். "யாரு பண்ணது?"

"நான்தான்."

"ம்." மூன்றாவது கவளம், நான்காவது. தட்டில் பாதி போய்விட்டது. வயிறு ஏற்றுக்கொண்டதா என்று ஒரு கணம் நின்று பார்த்தவள், ஐந்தாவதையும் எடுத்தாள்.

"தொலைஞ்சே ஃபெலிசா நீ," என்று மூலையிலிருந்து டோரோவின் குரல் வந்தது. "புள்ளத்தாச்சி உன் தட்டுல கை வச்சா அவ தூக்கம் பூரா உனக்கு வந்துரும். என் பொண்டாட்டி ஆறு பெத்தா. நான் எத்தன தடவ ஜீப்ப வயல்ல எறக்குனேன்னு அவள வேணா கேளு."

"நான் பகல்ல தூங்குனதே கெடையாதுங்க," என்றாள் ஃபெலிசா. உண்மைதான். ஜெத்தாவில் பகல் என்பது வீட்டார் உறங்கும்போது சலவை மடிக்கும் நேரம்.

மீதியை உண்டுவிட்டு, தட்டைக் கழுவி, காகிதக் கைத்துடைப்புகளை மடிப்பதற்காகப் பின்வரிசை மரப்பலகையில் அமர்ந்தாள். எட்டோ ஒன்பதோ மடித்தது நினைவிருந்தது.

கண் விழித்தபோது வெயில் எதிர்ச்சுவருக்கு ஏறியிருந்தது. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. தலைக்குக் கீழே மடித்த மேசைவிரிப்பு ஒன்று இருந்தது. மின்விசிறி அவள் பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தது; வானொலி நிறுத்தப்பட்டிருந்தது. மாலைக் கூட்டம் வந்து, நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி வைத்து அமர்ந்து, லோமியை ஓசையின்றி உறிஞ்சிக்கொண்டிருந்தது. விசிங்கின் கணவன் அண்டாவின் விளிம்பில் கரண்டி படாமல் கிளறிக்கொண்டிருந்தான். பலகையின் கால்மாட்டில் ஜொனாலின் உட்கார்ந்திருந்தாள். மடிக்காமல் விட்ட கைத்துடைப்புகளெல்லாம் மடிக்கப்பட்டிருந்தன. ஃபெலிசாவின் கைப்பேசி மகளின் மடியில் இருந்தது.

ஃபெலிசா திடுக்கிட்டு எழுந்தாள். "மன்னிச்சுக்கங்க, நான்…"

"யார்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்க?" என்றாள் மகள். "மணிலாவுலேர்ந்து ரெண்டு தடவ கூப்பிட்டாங்க."

"என்ன சொன்ன?"

"தூங்குறாங்கன்னேன்."

"எழுப்பச் சொல்லலையா?"

"சொன்னாங்க. அது நான் குடுத்த தூக்கம், பாதியில புடுங்க முடியாதுன்னேன். அந்தம்மாவுக்குப் புரியல." ஒரு கைத்துடைப்பைப் பிரித்து மீண்டும் மடித்தாள். "நான் தூங்கிட்டு இருந்தப்பத்தான் நீங்க போனீங்க."

இருபத்துமூன்று ஆண்டுகளில் முதன்முறையாக அது சொல்லப்பட்டது. விசிங் பானைகளுக்கு அப்பால் குனிந்துகொண்டாள்.

"முழிச்சிருந்தீன்னா என்னால போயிருக்க முடியாது," என்றாள் ஃபெலிசா.

"தெரியும். இனாய் சொன்னா. ஆனா எழுந்தப்ப நீங்க இல்ல." குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "அதனாலதான் யாராச்சும் தூங்குனா நான் பக்கத்துல உக்காந்துருவேன். பழக்கம். நீங்க வேற எதுவும் நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"போறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. பிள்ள உங்க மூஞ்சியோட வந்தப்புறம் சொல்லாதீங்க."

அவள் கைப்பேசியை நீட்டினாள். ஃபெலிசா வாங்கிக்கொண்டாள். அலுவலகம் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்து, அங்கே மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப் பட்டாங்காஸ் நகரத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. எதிர்முனையில் ஒரு பெண் குரல் எடுத்தது. அவள் பெயரைக் கேட்டு, ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது. ஃபெலிசா முடியும்வரை கேட்டாள்.

"கேட்டதுக்கு நன்றிங்க," என்றாள். "நான் போகல. இங்கயே இருக்கேன்."