பனாஸ் பாட்டன் வாயில் ஒரு ஓட்டை

மிக்கேல் திருநாளுக்கு இன்னும் இரண்டே நாள். வெள்ளிக்கிழமை காலை கோயில் கூடத்துச் சமையலறையில் ஒரிசியா எண்ணெயில் பொரிக்கிற பம்புஷ்கி உருண்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, கூரையிலிருந்து ஒரு சொட்டு நேராக மாவின் நடுவில் விழுந்தது. பழுப்பு நிறம். விரலால் தொட்டு முகர்ந்தாள். பழைய எண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது.

"என்னடி அது? எலி மூத்திரமா?" என்றாள் எதிரில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஹானியா.

"எலி என்னைக்குடி வெங்காயம் வதக்கிச்சு? நீ வதக்கினதுதான் திரும்பி வருது."

அந்த மாவை அப்படியே குப்பையில் கொட்டினாள். அண்ணாந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே பளபளவென்று அந்தச் சிம்னி தொங்கியது. அதிலிருந்து ஒரு குழாய் கூரைக்குள் போய் மறைந்தது. குழாயைச் சுற்றி ஒரு தட்டளவுக்குப் பழுப்புக் கறை. போன வாரம் அது ஒரு தம்ளர் அளவுதான் இருந்தது.

சிம்னியைக் கொடுத்தது ஸெனான் பாசிக். கூடத்துக் கமிட்டிக்குத் தலைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் செலவில் வாங்கி, தன் ஆட்களைவைத்தே மாட்டி, முன்பக்கம் ஒரு பித்தளைத் தகடும் அடித்துவிட்டார். 'பாசிக் குடும்பத்தார் அன்பளிப்பு.' அந்தத் தகட்டை ஃபில்டர்களுக்குக் குறுக்கேயே திருகி வைத்திருந்தார், மகராசன்! தகட்டைக் கழற்றாமல் ஃபில்டரை வெளியே எடுக்க முடியாது; தகட்டைத் தொட்டால் அவருக்குக் கோபம் வரும். ஒரிசியா மாசம் ஒருமுறை வெண்ணெய்க் கத்தியால் திருகாணியைக் கழற்றி, ஃபில்டரை வெந்நீரில் சோடா உப்பு போட்டு ஊறவைத்துத் தேய்த்து, மறுபடி மாட்டித் தகட்டையும் திருகிவிடுவாள். இத்தனை நாளும் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் மேலே எண்ணெய் சொட்டுகிறது என்றால், கோளாறு மேலேதான்.

"ஏணியப் பிடி," என்றாள்.

"இந்த வயசுல பரண் ஏறப் போறியா?"

"அம்பத்தெட்டு ஒரு வயசா? பிடிடீன்னா."

பரண் கதவைத் தள்ளித் தலையை நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். குழாய் வெளியே போகவேயில்லை. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் போடுவார்களே, மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய், அதுதான் அது. பரண் தரைக்கு மேலே ஒரு முழம் வந்து, ஒரு மரச்சட்டத்தில் கயிற்றால் கட்டப்பட்டு, அங்கேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதைச் சுற்றி அந்தக் காலத்தில் குளிருக்காகக் கொட்டிய மரச்சீவல், முழங்கால் ஆழத்துக்கு. மூன்று வருஷத்து எண்ணெய்ப் புகை முழுக்க அந்தச் சீவலில்தான் இறங்கியிருந்தது. ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தாள். விரல் இடுக்கில் எண்ணெய் கசிந்தது.

கீழே இறங்கி வந்தவள் கையிலிருந்த சீவலை ஒரு காகிதத்தில் சுருட்டி இறுக்கினாள். பயமும்தான், கோபமும்தான். ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது பேர் இந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஒருமுறை தீப்பிடித்து, அதைச் சிம்னி மேலே இழுத்தால் போதும்.

மத்தியானம் ஸெனான் வந்தார். எழுபது வயது, தொப்பியைக் கழற்றாமலே பேசுகிற மனுஷன். கூடவே கோயில் பாதிரியார் மெத்தோடி சாமியும் வந்திருந்தார். ஒரிசியா சீவலை மேஜைமேல் போட்டாள்.

"ஸெனான் அண்ணே, குழாய ஏன் வெளிய விடல?"

"எங்க விடுறது? கூரையத் துளைச்சா பனித் தண்ணி ஒழுகும். அடுப்புக்குப் பின்னால இருக்கிறதுதான் வெளிச்சுவர். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? கூடத்தின் நூறாவது ஆண்டுக்கு வெளிச்சுவர் முழுக்க ஒரு படம் எழுதியிருந்தார்கள். கடல் கடந்து வந்து இந்த சஸ்காச்சுவான் மண்ணை முதலில் உழுத பத்துப் பேர், ஆளுயரத்துக்கு, ஏரும் கோடரியுமாக வரிசையில் நிற்பார்கள். அடுப்புக்கு நேர் பின்னால் நிற்பது ஸெனானின் தாத்தா மாக்ஸிம். அவருக்குப் புகைப்படம் இல்லாததால் ஓவியன் ஸெனானையே உட்காரவைத்து வரைந்தான். குழாய் நேராக வெளியே போனால் அந்த முகத்தில்தான் எட்டிப் பார்க்கும்.

"ஒரு மூஞ்சிக்காக ஊரையே கொளுத்தப் பாத்தீங்களா?"

"வாய அடக்கிப் பேசு! மூணு வருஷமா ஒண்ணும் ஆகலையே. திருநாள் முடியட்டும், வசந்தத்துல ஆள் வச்சுப் பாக்கலாம்."

"நான் அதுவரைக்கும் இந்த அடுப்பப் பத்தவைக்க மாட்டேன்."

"பத்தவைக்காட்டி சாவிய வச்சிட்டுப் போ. சமையலுக்கு வேற ஆள் இல்லையா?"

ஒரிசியா சாமியைப் பார்த்தாள். சாமி சீவலைப் பார்த்தார், அப்புறம் தன் காலணியைப் பார்த்தார்.

"அம்மா, திருநாள் சமயத்துல சண்டை எதுக்கு..." என்று இழுத்தார்.

பதினோரு வருஷம் அந்தச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. புருஷன் செத்த மறுவாரம் வெறும் வீட்டில் உட்கார முடியாமல் வந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தவள் அவள். இந்த அடுப்பும் இந்தப் பெண்களின் கூச்சலும் இல்லாவிட்டால் தன் நாள் எப்படி நகரும் என்று அவளுக்கே தெரியாது. அதைப் பிடுங்கிவிடுவேன் என்கிறார் இந்த மனுஷன், தொப்பியைக்கூடக் கழற்றாமல்!

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கேளுங்க, தர்றேன்," என்றாள். "அதுவரைக்கும் இது என் அடுப்பு."

ஸெனான் அதை அவள் பணிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே ஒரிசியாவின் வண்டி கூடத்து வாசலில் நின்றது. பின்னால் எட்டங்குலத் தகரக் குழாய் இரண்டு, வளைவு இரண்டு, வெளிச்சுவரில் மாட்டுகிற மூடி ஒன்று, பேட்டரி ரம்பம், தகரம் வெட்டும் கத்தரி. தன் வயல் தானியக் கிடங்குகளுக்கு முப்பது வருஷம் தகரம் அடித்த கை அது. ஹானியா முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"நம்மளக் கோயில விட்டே தள்ளப் போறாங்கடி," என்றாள், சந்தோஷமாக.

முதலில் பரணில் ஏறி எண்ணெய் குடித்த சீவலை அள்ளினார்கள். ஆறு மூட்டை. பிளாஸ்டிக் குழாயைப் பிடுங்கி எறிந்து, கூரைத் துளையைத் தகரம் அடித்து மூடினார்கள். அப்புறம் ஒரிசியா மெயினை அணைத்துவிட்டு, சுவரைத் தட்டித் தட்டிக் கட்டை எங்கே, வெற்றிடம் எங்கே என்று கேட்டாள். மெல்லிய துளை ஒன்று போட்டு, கம்பியைவிட்டு மின்வயரோ எரிவாயுக் குழாயோ இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"நேராப் போட்டா ஒரே வளைவு. அது ஸெனான் மூஞ்சி," என்றாள். "குழாய் எவ்வளவுக்கெவ்வளவு நேராப் போகுதோ அவ்வளவுக்கு நல்லது. எண்ணெய் தங்காது."

"அப்போ போடு! மூக்குலயே போடு!"

ஒரிசியா வெளியே போய்ப் பனியில் நின்று சுவரைப் பார்த்தாள். மாக்ஸிமுக்கு இடப்பக்கம் இரண்டரை அடி தள்ளி நிற்பது பனாஸ். அவளுடைய பூட்டன், ஊருக்கெல்லாம் பனாஸ் பாட்டன். வீட்டிலிருந்த ஒரே புகைப்படத்தைப் பார்த்து எழுதிய முகம். தொங்கு மீசை, இறுக மூடிய வாய். ஒவ்வொரு வாரமும் வண்டியை நிறுத்தும்போது அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

ஸெனான் முகத்தில் போட்டால் ஆயுசுக்கும் அதைப் பழிவாங்கல் என்றுதான் பேசுவார்கள். குழாயைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கையுறையைக் கழற்றிப் பாட்டனின் மீசையை ஒருதரம் தடவிக் கொடுத்தாள்.

"மன்னிச்சுக்கோ பாட்டா. வளைவு ஒண்ணு கூடுதலாகும், அவ்வளவுதான்."

வெளியிலிருந்து பெயின்ட்டின்மேல் ஒரு வட்டம் கீறிக்கொண்டு ரம்பத்தை ஓட்டினாள். ஒரு மணி நேரத்தில் பனாஸ் பாட்டன் வாயைத் திறந்துவிட்டார். குழாயைச் சொருகி, இணைப்பு ஒவ்வொன்றிலும் அலுமினிய நாடா ஒட்டி, வாய்க்குள் தகர மூடியைப் பொருத்தினாள். காற்று வெளியே போகும்போது திறந்து, நின்றதும் தானாக மூடிக்கொள்கிற மூடி. கடைசியாக அந்தப் பித்தளைத் தகட்டை ஃபில்டரிலிருந்து கழற்றிக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அடித்தாள். அங்கே இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது குளிர் மைனஸ் இருபது. முதலில் கத்தியது ஒரு குழந்தை. சுவரில் பனாஸ் பாட்டன் புகைவிட்டுக்கொண்டிருந்தார்! வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி புசுபுசுவென வந்தது. ஊரே வதங்கிய வெங்காயம் மணத்தது. கூட்டம் சிரிப்பில் வெடித்தது. ஸெனான் சிரிக்கவில்லை. மூஞ்சி சிவக்கச் சமையலறைக்கு வந்தார். பின்னாலேயே பாதி ஊர்.

"யாரக் கேட்டு ஓட்டை போட்ட? அதை நிறுத்து முதல்ல!"

ஒரிசியா சிம்னியின் குமிழைக் கடைசி வேகத்துக்குத் திருப்பினாள். பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைத்தாள்.

"உள்ள காத்து வந்தாத்தான் வெளிய புகை போகும். ஹானியா, அடுப்ப விட்டு நகராதே."

"என்னைக் கட்டி இழுத்தாலும் வர மாட்டேன்," என்றாள் ஹானியா, கரண்டியை ஆட்டி.

"சாவியக் குடு," என்றார் ஸெனான்.

"தர்றேன். வெளிய வாங்க."

முற்றத்துப் பனியில் ஒரு பழைய இரும்புச் சட்டி இருந்தது. அதில் அவள் எடுத்து வைத்திருந்த ஒரு கைப்பிடிச் சீவல். எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளத் தீக்குச்சி ஒன்றைக் கிழித்துப் போட்டாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த நொடி சட்டி முழுக்கத் தீ, இடுப்பளவுக்கு எழும்பியது. கரும்புகை. முன்னால் நின்ற பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். மெத்தோடி சாமி பதறிப்போய் யார் கையிலோ இருந்த தண்ணீர்க் குடுவையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"தண்ணி ஊத்தாதீங்க சாமி! எண்ணெய்த் தீ, மேல தெறிக்கும்!"

பக்கத்தில் வைத்திருந்த மூடியை நீட்டிப் பிடித்துச் சட்டிமேல் சரித்தாள். தீ அடங்கியது.

"இது ஒரு கைப்பிடி," என்றாள் ஒரிசியா. "நம்ம தலைக்கு மேல ஆறு மூட்டை இருந்துச்சு. மூணு கிறிஸ்துமஸ், மூணு ஈஸ்டர். பிள்ளைங்க மேடையில ஆடுறப்பவும் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை நான் சொன்னேன். வாய அடக்குன்னாங்க." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். "கேட்டவங்க வாங்கிக்கலாம். அந்த அடுப்புக்கு மேல என்ன இருக்கு, யார் பாத்தாங்கன்னு இனிமே அவங்கதான் பதில் சொல்லணும்."

கை நீண்டபடியே இருந்தது. குளிரில் விரல் விறைத்தது. சாமி மறுபடி காலணியைப் பார்த்தார், இந்த முறை வெட்கத்தில். ஸெனான் சாவியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். பனாஸ் பாட்டன் ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தன் முகம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"நேரா அடிச்சிருந்தா வளைவு குறைஞ்சிருக்குமே?" என்றார் அடங்கிய குரலில்.

"குறைஞ்சிருக்கும்."

"பின்ன ஏன் அடிக்கல?"

"உங்க மூஞ்சிக்காகத்தான் இவ்வளவும் வந்துச்சு. அதையே நானும் பாத்துக்கிட்டு நிக்கணுமா? எனக்குப் புகை வெளிய போகணும், அவ்வளவுதான்."

ஸெனான் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சாவிக்குக் கை நீட்டவில்லை. வேறு யாரும் நீட்டவில்லை.

ஒரிசியா ஒரு மூச்சு பொறுத்துப் பார்த்தாள். பிறகு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்போ வழிய விடுங்க. பம்புஷ்கிக்கு எண்ணெய் காயுது."