தாயத்துக்குள் மூன்று குட்டிகள்

இந்தக் காலத்தில் மனுஷன் வாயால் சொன்னால் நம்ப ஆளில்லை. "படம் இருக்கா?" என்கிறான். பனிச்சிறுத்தை மூன்று குட்டிகளோடு எங்கள் மேட்டைத் தாண்டிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஊருக்குள் வந்து சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் ஊர் முருப்புக்கு என்னைக் கிண்டல் செய்வதுதான் வேலை. "என்ன நோர்பெல், எத்தனை கோப்பை சாங் குடிச்சியோ அத்தனை குட்டியா?"

முருப் மகனுடைய கல்யாணத்தின் இரண்டாம் நாள் காலையில் யங்டோல் அந்தச் சிறுத்தையைப் படம் பிடித்தே விட்டாள். எங்கள் ஊர்ப் பெண், படம் பிடிப்பதுதான் பிழைப்பு. நான் பாறையைக் காட்டினேன், அவள் கேமராவை அமுக்கினாள். தாய், பின்னால் மூன்று குட்டி. அத்தனையும் நகத்தளவு அட்டைக்குள் போய்விட்டதாம். அதை வாங்கி, கழுத்தில் தொங்கும் தாயத்துப் பெட்டிக்குள், லாமா மந்திரித்த பார்லி மாவோடு வைத்து மூடினேன். அதைவிடப் பத்திரமான இடம் ஏது?

கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் யங்டோல் கையை நீட்டினாள். அவளுக்கு நான் 'மேமே', அதாவது தாத்தா.

"மேமே, அட்டையைக் குடுங்க. என்கிட்ட இருக்கறதே ரெண்டு. இதுல சிறுத்தை, அதுல நேத்துக் கல்யாணம். ரெண்டும் நெறஞ்சுபோச்சு. நாளைக்கும் அது பாறைக்கு வரும். இந்த டப்பாவுல நகல் எடுத்துட்டு ஒண்ணைக் காலி பண்ணணும். கல்யாணத்துக்கு நேத்தே இதுல நகல் எடுத்தாச்சு."

சோப்புக்கட்டி மாதிரி ஒரு டப்பா. கம்ப்யூட்டரே வேண்டாமாம். அட்டையைச் செருகினால் தானே எடுத்துக்கொள்ளுமாம். பச்சை எரிந்தால் முடிந்ததாம்.

"ஒரு மூட்டை மாவை இன்னொரு மூட்டைல கொட்டினா, முதல் மூட்டை காலி. யாருகிட்ட கதை விடறே?"

"கொட்டறது இல்ல மேமே, நகல்!"

முருப் வந்து நின்றான். "படம் இருந்தாத்தானே குடுப்பாரு!"

ரோஷத்தில் எடுத்துக் கொடுத்தேன். டப்பாவில் சிவப்பு எரிந்தது. கேமராவில் போட்டாள், அட்டையே இல்லை என்றதாம். 

"மேமே... இதுல என்ன மாவு?"

"மந்திரிச்ச மாவு."

முருப் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தான். யங்டோல் சிரிக்கவில்லை. துணி நுனியைச் சாராயத்தில் நனைத்து, அட்டையின் பித்தளைப் பல்லையெல்லாம் துடைத்து, ஊதி, மறுபடி செருகினாள். இப்போது டப்பாவில் விளக்கே இல்லை.

"குளிர்ல பேட்டரி செத்துப்போச்சு. சூடு வேணும். அடுப்புல காட்டக் கூடாது."

டப்பாவைப் பிடுங்கி என் அங்கிக்குள், வயிற்றுத் தோலில் ஒட்டவைத்து இடுப்புக்கச்சையை இறுக்கினேன். பனிக்கட்டி! துள்ளினேன். மேளக்காரன் நான் ஆட வந்தேன் என்று நினைத்து அடியைக் கூட்டினான். ஆடினால் உடம்பு சூடாகுமே! ஆடினேன். கிழவிகள் எழுந்தார்கள், பெண்வீட்டார் எழுந்தார்கள், மாப்பிள்ளையே என் பின்னால் வரிசையில் வந்தான். யங்டோல் கூடவே ஆடிக்கொண்டு என் கழுத்துப்பட்டைக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"விளக்கு வந்துருச்சு! நிக்காதீங்க மேமே, ஆடுங்க!"

முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது.

"பச்சை! பச்சை!"

அட்டையைக் கேமராவுக்குள் போட்டாள். தாய். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. முருப் விரலை வைத்து எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"மூணுதான்" என்றான், சுண்டிய முகத்தோடு. வீடே கத்தியது.

"இதைக் காலி பண்ணிரட்டுமா மேமே?"

"டப்பாக்குள்ள சிறுத்தை இருக்கறதை யாரு பார்த்தா? அதுக்கு ஜன்னல் இருக்கா?"

"பச்சை எரிஞ்சுதே!"

"சாங் குடிச்சா முருப் மூஞ்சியும்தான் எரியுது. கல்யாணத்தைக் காலி பண்ணு."

"யோவ், என் மகன் கல்யாணம்யா!" என்று முருப் அலறினான்.

"ஏன், பச்சையை நம்ப மாட்டியா?"

யங்டோல் கல்யாண அட்டையைக் கேமராவில் போட்டு, அழிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டாள். முருப் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

நான் தாயத்தைத் திறந்து மிச்ச மாவை வாயில் கொட்டிக்கொண்டு, சிறுத்தை அட்டையை உள்ளே வைத்து மூடினேன்.

"மேமே, நகல்தான் இருக்கே, அது எதுக்கு?"

இருக்கிறதாம். கதவைச் சாத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.