மருந்துப் பெட்டியில் எழுதிய பெயர்

“ஊசி யாருக்குன்னு பொண்ணு வூட்டுல சொல்லிட்டு, அப்பறமா தட்டு மாத்துங்க.”

பூங்கோதை சொல்லிவிட்டாள். இந்தப் பேச்சை மட்டும் எந்தக் காலத்திலும் எடுக்கக் கூடாது என்று மாமியார் அமிர்தவள்ளி கற்பூரம் ஏற்றி அவளிடம் சத்தியம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

கூடத்தில் மாமியார் இருந்தாள். மாமியாரின் தம்பி பெருமாள் இருந்தார். ஆலங்காயத்தில் பெண் பேசி முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கட்டிலின் ஓரத்தில் காசிநாதன், அவள் கணவன். பேசி முடித்த பெண் அவனுக்குத்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், இப்போது தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெருமாளின் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இரண்டு வருடத்துக் காலி மருந்துப் பெட்டிகள். எல்லாவற்றின் மேலும் பூங்கோதையின் பெயர், அவள் கையெழுத்திலேயே.

பெருமாள் சிரித்தார். “அதத்தாம்மா சொல்லப் போறேன். பொண்ணோட அப்பன் கேட்டான், மொத சம்சாரத்துக்கு ஒழுங்கா வைத்தியம் பாத்தீங்களான்னு. நாங்க போட்ட ஊசி கொஞ்சமா நஞ்சமா, இந்தா பாருன்னு பொட்டியெல்லாம் கொட்டிக் காட்டிட மாட்டேன்? நீ மனச தளர வுடாத. ஒன்ன யாரும் குத்தம் சொல்லல. ஒன் வயிறு அப்பிடி.”

அவருக்கு நிஜமாகவே தெரியாது. பூங்கோதை கணவனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

“பெருமாளு, நீ போயி டீ குடிச்சிட்டு வா” என்றாள் அமிர்தவள்ளி. “வெய்யில்ல வந்திருக்க.”

கல்யாணமாகி மூன்றாம் வருடம், குழந்தை இல்லையே என்று வேலூரில் பெரிய டாக்டரிடம் போனார்கள். பூங்கோதைக்கு எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. காசிநாதனுக்குத்தான், தலைக்குள்ளே ஒரு சுரப்பி செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை. “சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒரு வியாதி. மருந்து இருக்கு. வாரத்துக்கு மூணு ஊசி. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, பொறுமையா இருங்க” என்றார் டாக்டர். அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. வியாதி என்றால் வைத்தியம் பார்த்தால் முடிந்தது.

அமிர்தவள்ளிக்கு அப்படி இல்லை. கம்பவுண்டரைக் கூப்பிட்டால் தெருவுக்குத் தெரிந்துவிடும், கிளினிக் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். வீட்டில் படித்தவள் ஒருத்தி இருக்கிறாளே! தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் நிலையத்தின் லேப்பில் பூங்கோதைக்கு வேலை. தோல் ஷாப்பில் தோல் பதனிடும் டிரம் சுற்றிய அப்பா, பச்சைத் தோல் வாடை போகாத கையால் ஃபீஸ் கட்டி அவளை பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க வைத்தார். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் படிப்பு கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டது.

மருந்து பொடியாக வரும். கலக்குகிற தண்ணீர் தனி. ஆம்பூரில் மருந்துக்கடை அப்துல் சமத் பாய் முதல்நாளே கையை விரித்துவிட்டார். “சாதா ஊசித்தண்ணி இருக்கும்மா. ஒரு தடவ ஒடச்சா மிச்சத்தக் கொட்டிடணும். நீ கேக்கறது கிருமி வளராம இருக்க மருந்து சேர்த்த தண்ணி. ஒரே பாட்டில்ல பல தடவ எடுக்கலாம். அது வேலூர்லதான் கெடைக்கும்.”

“தண்ணிக்குப் போயி வேலூரா? எல்லாம் ஒரே தண்ணிதான?” என்றாள் மாமியார்.

நாள் முழுக்கத் தண்ணீரையே சோதிக்கிறவளுக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல என்று தெரியும். மாதாமாதம் பஸ் ஏறினாள். ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைப்பாள். தண்ணீரை மருந்துக்குப்பியின் உள்சுவர் ஓரமாக வழிய விடுவாள். பொடி தானாகக் கரையும் வரை குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுவாள். தேதி எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைப்பாள். முதலில் குத்திய நாளிலிருந்து இருபத்தெட்டு நாள் ஆனால் தண்ணீர் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுவாள். கரண்ட் போனால் ஐஸ் தேடி ஓடுவாள். திங்கள், புதன், வெள்ளி அவனுக்கு அவளே போட்டாள். வலிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

ஃப்ரிட்ஜைத் திறக்கிற உறவுக்காரிகள் கேட்பார்களே என்று, “ஒம் பேர எழுதி வெய்யி” என்றாள் அமிர்தவள்ளி. எழுதினாள். புருஷன் மானம்தானே என்று எழுதினாள். அதற்குப் பிறகு வளைகாப்புகளில் அவளுக்கு மட்டும் வளையல் தட்டு வராமல் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு சைரா மட்டும் “நீ ஏன் இப்படி எளச்சிப் போய்ட்ட?” என்று கேட்டாள். அதற்கும் பதில் சொல்ல முடியாதபடி சத்தியம் இருந்தது.

போன மாதம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது, இன்னும் ஆறு மாதம் விடாமல் போடுங்கள் என்றார். பூங்கோதை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து சொன்னாள்.

அமிர்தவள்ளி அன்றைக்கே தம்பிக்கு ஆள் அனுப்பினாள்.

இப்போது தம்பி டீக்கடைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். “சத்தியம் பண்ணினவ வாயா இது?”

“என் மேல பழி போட்டீங்க, தாங்கிக்கிட்டேன். இப்ப அந்தப் பழியையே சாட்சியா பையில போட்டுக் குடுக்கறீங்களே அத்த, இது நாயமா?”

“அவனுக்குத்தான் சரியாயிடுச்சின்னு நீயே வந்து சொன்ன. அப்பறமும் ஏன் ஒன் வயித்துல நிக்கல? ஒங்கிட்டயும் கொற இருக்கு.”

“சரியாவ ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஆறு மாசம்னு டாக்டர் சொன்னாரு.”

“ஒனக்கு வயசு இருபத்தெட்டு. அந்தப் பொண்ணுக்குப் பத்தொன்பது.” அமிர்தவள்ளியின் குரல் சட்டென்று தணிந்தது, அந்தத் தணிவுதான் பயமாக இருந்தது. “ஒன்ன வூட்ட வுட்டா வெரட்டறோம்? நீ பாட்டுக்கு இரு. மூத்தவளா இரு. வேலைக்குப் போ. ஊசிக்கும் ஆளு வேணும் இல்ல? வர்றது சின்னப் பொண்ணு, அதுக்கு இதெல்லாம் தெரியக் கூடாது. ஒன் ஊசின்னே இருக்கட்டும்.”

பூங்கோதை கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறு மாதமோ எட்டு மாதமோ, அவள் கலக்கிக் குத்துகிற மருந்தால் அந்தப் பெண் முழுகாமல் இருப்பாள். தெரு கூடி வளைகாப்பு நடக்கும். அன்றைக்கு பூங்கோதை மலடி என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிவாகும். அவள் கையாலேயே முடிவாகும்.

“இன்னாங்க” என்றாள். “வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்க மாமாகிட்ட மட்டும் போதும். தெருவுக்கு வேணாம். ‘இது எனக்குப் போட்ட ஊசி மாமா’ன்னு. இதுல இன்னா கேவலம்? காய்ச்சலுக்கு ஊசி போட்டா யாராவது சிரிக்கிறாங்களா?”

காசிநாதன் தொண்டையைச் செருமினான்.

“கோதை… இன்னிக்கு புதன்கெழம” என்றான். “ஊசி போடணும்.”

அவள் அவனையே பார்த்தாள். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, ஒரு நாளும் அவளைத் திட்டியதில்லை. ஊரே நல்லவன் என்று சொல்கிற மனுஷன். அந்த நல்லதனத்தின் விலையை இத்தனை நாளும் அவள்தான் சுமந்திருக்கிறாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மருந்தையும் புதிய ஊசியையும் ஸ்பிரிட்டையும் எடுத்து அவன் பக்கத்தில் கட்டிலில் வைத்தாள். பீரோவிலிருந்து டாக்டரின் சீட்டையும் போன மாத ரிப்போர்ட்டையும் எடுத்தாள். அவற்றில் மட்டும்தான் அவன் பெயர் இருந்தது. இரண்டு புடவை, லேப் அடையாள அட்டை. தோள்பையில் வேறு எதற்கும் இடமில்லை, வேறு எதுவும் வேண்டியும் இல்லை.

“எங்க கெளம்பற?” மாமியார் வழியை மறித்தாள். “ஒங்க அப்பன் வூட்டுக்குத்தான? போ. ரெண்டு நாள்ல அவரே கொண்டாந்து வுடுவாரு.”

“ஆலங்காயம் போறேன்.”

அமிர்தவள்ளியின் முகம் வெளுத்தது. “அடிப்பாவி! எம் பையன் மானத்த ஊர் ஊரா விக்கப் போறியா?”

“ஊருக்குச் சொல்ல மாட்டேன். தெருவுக்கும் சொல்ல மாட்டேன். கட்டிக்கப் போறவளுக்குச் சொல்வேன். அவளுக்குத் தெரியணும்.”

“கோதை” என்றான் காசிநாதன். மருந்துக்குப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். “எவ்ளோ இழுக்கணும்னே எனக்குத் தெரியாதே.”

இரண்டு வருடத்தில் அவன் கேட்காத கேள்வி. கோபம் வந்த வேகத்தில் அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள். “டாக்டருக்கு போன் பண்ணிக் கேளுங்க. ஒங்க பேரச் சொல்லிக் கேளுங்க.”

“அந்தப் பொண்ணு சம்மதம் சொல்லிட்டா?” அமிர்தவள்ளி கத்தினாள். “எல்லாத்தையும் கேட்டுட்டு, இருக்கட்டும் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டா, அப்ப ஒன் மூஞ்சிய எங்கடி வெச்சிப்ப?”

பூங்கோதை தாழ்ப்பாளை நீக்கினாள்.

“சொல்லட்டும் அத்த. தெரிஞ்சி சொல்லட்டும். அப்பிடிச் சொன்னா, அந்த மருந்த எப்பிடிக் கலக்கறதுன்னும் நானே அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு வர்றேன்.”

வாசலில் செருப்பை மாட்டினாள். டீக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெருமாள், “எங்கம்மா இந்நேரத்துல?” என்று கேட்டார். அவள் நிற்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.