ஒரே உயரம்

"நிமிர்ந்து நில்லுங்க சார். தோளைத் தொங்கப்போட்டா எனக்குக் கணக்கு தப்பிடும்" என்றார் ஷீலா.

ஹல் நகரத்துத் தகன மண்டபத்தின் வாசலில் மூன்று ஆண்கள் சுவரோரமாக நின்றார்கள். இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஷீலா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மூவரின் தோள்களையும் பார்வையாலேயே அளந்தார். பக்கத்தில் நீளமான கறுப்புக் கார், பின்கதவு திறந்தபடி. அதற்குள் பெட்டியில் கெர்ரியின் அப்பா கிளைவ்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே உயரம். முன்பக்கம் உங்களுக்கு" என்று ஏட்ரியனையும் ட்ரெவரையும் காட்டினார் ஷீலா. "நீலும் கெர்ரியும் பின்னாடி. கிளைவ் இளைச்சுப்போயிட்டார், நாலு பேர் தாராளம்."

யாரும் நகரவில்லை. கெர்ரி காரின் கதவருகே நின்றாள்.

"இவன் வர்றான்னு நீ சொல்லலியே கண்ணு" என்றார் ட்ரெவர், ஏட்ரியன் பக்கம் திரும்பாமலே.

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா அங்கிள்?"

"வந்திருப்பேன். கடைசி வரிசையில உட்கார்ந்திருப்பேன்."

"எங்கிட்டயும்தான் சொல்லல" என்றார் ஏட்ரியன். "ட்ரெவருக்கு முதுகுவலி, வரமாட்டார்னு சொன்னா."

"என் முதுகுக்கு என்னடா கேடு?"

"பரவால்ல, பேச ஆரம்பிச்சாச்சு" என்றார் நீல். அவரை இருவருமே முறைத்தார்கள்.

ஒரு காலத்தில் இந்த மூன்று பேரும் கிளைவும் சேர்ந்ததுதான் பாக்கெட் ட்ராலர்ஸ் இசைக்குழு. ஏட்ரியன் பாட்டு, நீல் கிடார், கிளைவ் பேஸ் கிடார், ட்ரெவர் டிரம்ஸ். ஒரு பப்பின் பின்னறையில் ஆரம்பித்தார்கள். நீலின் மாமா மீன் ஏற்றிய வேனில் ஊர் ஊராகப் போனார்கள். முன்வரிசை ரசிகர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே ஆடுவார்களாம். முதல் ரெக்கார்டு வந்தபோது லண்டன் பத்திரிகை ஒன்று அட்டையில் படம் போட்டது. ஒரு கோடைக்காலம் முழுக்க எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அவர்கள் பாட்டுதான்.

ஏட்ரியனிடம் ஒரு குறை உண்டு. குரல் தங்கம், தாளம்தான் நிற்காது. எப்போதும் அரைத் தட்டு முன்னால் பாய்ந்துவிடுவார். மேடையில் அது வெளியே தெரியாது. காரணம் கிளைவ். ஏட்ரியன் முந்தியதுமே பேஸை மெதுவாக அவர் பக்கம் சாய்த்து, அடுத்த வரிக்குள் ட்ரெவரிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். ட்ரெவர் இம்மியும் வளையமாட்டார். பாட்டு பாதியில் இருக்கும்போதே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "முதல்லேர்ந்து வா" என்று நிறைந்த கூட்டத்தின் முன்னால் ஏட்ரியனை வெட்கப்படுத்தியதும் உண்டு.

இரண்டாவது ரெக்கார்டு வெளியானபோது ட்ரெவர் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். ஒரு பாட்டில்கூட அவருடைய டிரம்ஸ் இல்லை. எல்லாம் மெஷின். ஏட்ரியன் பாடிய வேகத்துக்கெல்லாம் எதிர்ப்பேச்சு பேசாமல் பின்னாலேயே போகும் மெஷின். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கிளைவும் சொல்லவில்லை. ஆனால் கிளைவ் மறுநாளே ட்ரெவரின் வீட்டு வாசலில் மழையில் போய் நின்றார். ஏட்ரியன் வரவேயில்லை.

குழு அத்தோடு முடிந்தது. கிளைவ் கேரவன் வண்டி செய்கிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நீல் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டினார். ட்ரெவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஏட்ரியன் லண்டனில் தங்கிவிட்டார். இப்போது அந்தக் குரலை டிவியில் பூனைத் தீனி விளம்பரத்தில் கேட்கலாம். ட்ரெவர் அந்த விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார் என்று அவர் மனைவி சொல்வாள்.

போன வாரம் மருத்துவ இல்லத்துப் படுக்கையில் அப்பா கெர்ரியின் விரலைப் பிடித்துக்கொண்டு பேசினார். குரல் வெறும் காற்றாக வந்தது.

"என்னை டிராலியில வெச்சு உருட்டிடாதே. நாங்க ஸ்பீக்கர் பெட்டியைத்தான் உருட்டுவோம்."

"சரிப்பா."

"அவனுங்க தூக்கட்டும். மூணு பேரும்."

"அவங்க ரெண்டு பேரும் ஒரே தெருவுல நடக்கமாட்டாங்கப்பா."

"நடுவுல நீ நில்லு. இத்தனை நாள் நான் நிக்கலியா?"

அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். கெர்ரி தண்ணீர் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஜன்னலைத் திறக்கச் சொல்லித்தான்.

அதனால்தான் ஒருவரிடம் மறைத்தாள், இன்னொருவரிடம் பொய் சொன்னாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு தைரியமாகப் பொய் சொன்னதில்லை.

"கெர்ரி" என்றார் ஷீலா தணிந்த குரலில். கேட்டுக்கு வெளியே இன்னொரு கறுப்புக் கார் வந்து காத்திருந்தது. "நமக்கு அப்புறம் அடுத்த குடும்பம் வந்தாச்சு. வேணும்னா உள்ளே டிராலி தயாராத்தான் இருக்கு. ஒண்ணும் தப்பில்ல, நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க."

கெர்ரி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"உங்களை ஏமாத்தித்தான் வரவெச்சேன். திட்டணும்னா இது முடிஞ்சு சாப்பிட பப்புக்குப் போனதும் திட்டுங்க, சாண்ட்விச் பரிமாறிக்கிட்டே கேட்டுக்கறேன். அப்பாவை உருட்டிட்டுப் போறதை மட்டும் என்னால பார்க்க முடியாது."

அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். மூவரும் சமாதானம் சொல்ல வந்திருப்பார்கள்.

ட்ரெவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார். "எந்தப் பக்கம் நிக்கணும்?"

"நீங்க இடது. அவர் வலது" என்றார் ஷீலா சட்டென்று. "பெட்டி தோள்ல உட்கார்ந்ததும் உள்பக்கக் கையை அடுத்தவர் தோள்மேல போட்டு, கோட்டை இறுக்கிப் பிடிச்சுக்கணும்."

"பிடிச்சே ஆகணுமா?" என்றார் ட்ரெவர்.

"பிடிக்கலைன்னா பெட்டி விழும் சார்."

ஏட்ரியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

ஷீலாவின் ஆட்கள் இருவர் பெட்டியை வெளியே இழுத்துக் கொடுத்தார்கள். நால்வரும் தூக்கினார்கள். கெர்ரி நினைத்ததைவிடப் பெட்டி கனத்தது. மரம் கன்னத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. அவளுடைய கையும் நீலின் கையும் குறுக்கே கோத்துக்கொண்டன. நீலிடமிருந்து இருமல் மிட்டாய் வாசனை வந்தது. அவளுக்கு நேர் எதிரே ட்ரெவரின் முதுகு. அதன்மேல் ஏட்ரியனின் கை தயங்கித் தயங்கி வந்து விழுந்து, துணியைக் கொத்தாகப் பற்றியது.

"இடது கால் முதல்ல. மெதுவா" என்றார் ஷீலா.

ட்ரெவர் தன்னையறியாமல் முணுமுணுத்தார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

நாலு வருவதற்குள் ஏட்ரியன் காலை வைத்துவிட்டார்.

பெட்டி முன்னால் சரிந்தது. "அடப்பாவி" என்றார் நீல் பல்லைக் கடித்துக்கொண்டு. ஷீலாவின் ஆள் ஒருவர் கையை நீட்டியபடி ஓடிவந்தார். ஏட்ரியனின் இடது தோள் ஒரு பக்கம், ட்ரெவரின் வலது தோள் ஒரு பக்கம், நடுவில் கிளைவ் ஆடினார். உள்ளே நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ட்ரெவர் நின்றுவிட்டார்.

கீழே வைக்கச் சொல்லப்போகிறார், முதலிலிருந்து வா என்று சொல்லப்போகிறார் என்று கெர்ரி நினைத்தாள். ஏட்ரியனும் அதைத்தான் எதிர்பார்த்தார்போல. அவருடைய கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

ட்ரெவர் எண்ணவில்லை. பக்கத்துக் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு குட்டியாக ஓர் அடி வைத்துத் தன் காலை மாற்றிக்கொண்டார்.

"அவன் காலுக்கு வாங்க" என்றார் பின்னால் இருப்பவர்களிடம், திரும்பாமல். "எல்லாரும் அவன் காலுக்கு."

நீல் காலை மாற்றினார். கெர்ரியும் மாற்றினாள். பெட்டி நிமிர்ந்தது.

கதவைத் தாண்டி, நாற்காலிகளுக்கு நடுவே, அவர்கள் போனார்கள். ஏட்ரியன் நடுவில் ஒருமுறை வேகம் கூட்டினார். ட்ரெவரும் கூடவே கூட்டினார். அப்பாவின் தொழிற்சாலை நண்பர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். மேடைக்கு முன்னால் நின்று, திரும்பி, ஷீலா காட்டிய இடத்தில் பெட்டியை இறக்கினார்கள். சத்தமே வரவில்லை.

"ரொம்ப அழகா செஞ்சீங்க" என்றார் ஷீலா மெல்ல. எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையாக இருக்கலாம்.

ட்ரெவர் முதல் வரிசையில் தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏட்ரியன் அவருக்கு மறுபக்கம், ஒரு நாற்காலி விட்டு. இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்வரிசையில் கெர்ரி நீலின் அருகே உட்கார்ந்தாள். பாதிரியார் அப்பாவின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தார்.

ட்ரெவரின் கோட்டு முதுகில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஏட்ரியன் பிடித்த இடம் ஐந்து விரல் கொள்ளும் அளவுக்குக் கசங்கி மேலெழும்பியிருந்தது. கெர்ரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரெவரின் மனைவி பக்கத்திலிருந்து கை நீட்டி அதை நீவிவிடப் போனாள். அவர் அவள் கை படாதபடி தோளை லேசாக நகர்த்திக்கொண்டார்.