சாக்குத் திரை

எங்கள் வீட்டு மாடியில் இருபத்தெட்டு அடி நீளத்தில் ஒரே அறை. என் தகப்பனார் அதில் நெல் கொட்டி வைத்திருந்தார். அவர் போன பிறகு அறை காலியாகக் கிடந்தது. அப்புறம் என் மனைவி நீலாம்பாளின் பறவைகள் அங்கே குடியேறின.

லவ் பேர்ட்ஸ் என்பார்கள். பச்சையில் நான்கு, நீலத்தில் இரண்டு. பினாங்கில் கடை வைத்திருந்த அவள் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியபோது ஒரு ஜோடி கொண்டுவந்தார். மற்ற நான்கும் இந்த அறையிலேயே பொரித்தவை. கூண்டு ஒன்று இருந்தது; அதன் கதவை அவள் சாத்தியதே இல்லை. ஜன்னல்களுக்கு வலை அடித்து, நிலைக்கண்ணாடியைக் கீழே இறக்கி, தண்ணீர்த் தவலைக்கு மூடி போட்டு, அந்த அறை முழுவதையும் கூண்டாக்கிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பதினாறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த அறை ஒன்றுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

நிலத்துக்கு உச்சவரம்பு முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைந்த வருஷம் அது. எனக்கும் அண்ணன் இராஜாங்கத்துக்கும் சேர்ந்து முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே குடும்பம் என்றால் பாதி போய்விடும். இரண்டு குடும்பம் என்றால் ஒரு குழி நிலம்கூடப் போகாது. சீர்காழிப் பக்கத்தில் அப்போது அண்ணன் தம்பி சண்டை இல்லாமலே வீட்டுக்கு வீடு பாகம் பிரிந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் பழைய முத்திரைத் தாள் ஒன்றைத் தேடிப் பிடித்து, பழைய தேதி போட்டு, பாகப் பிரிவினைக் கூர்ச்சீட்டு எழுதினோம். குடும்பம் இரண்டு என்று காட்ட அடுக்களையில் இரண்டாவது அடுப்பு வந்தது. மாடி அறையில் வடக்குப் பாதி அண்ணனுக்கு, தெற்குப் பாதி எனக்கு என்று எழுத்தில் இருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்ததும், அண்ணன் தன் பாதியில் கட்டில் போட்டு, உத்தரத்தில் மின்விசிறியும் மாட்டிவிட்டார்.

விசிறியைப் பார்த்ததும் நீலாம்பாளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க, அது சுத்தறப்ப ஒண்ணு அந்தப் பக்கம் பறந்தா என்னாவும்?"

"நடுவுல தடுப்பு வச்சிடலாம்."

"சும்மா பேருக்கு வைக்கக்கூடாது. மேல சந்து இருக்கக்கூடாது, கீழ சந்து இருக்கக்கூடாது. ஒங்களை நம்பித்தான் விடறேன்."

நம்பித்தான் விட்டாள். நானும் சும்மா இருந்துவிடவில்லை. முதலில் மீன் வலை வாங்கிவந்து கட்டினேன். அரை மணி நேரத்தில் ஒரு பச்சைக் குஞ்சு கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. அவள் கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுத்தாள். வலைக் கண்ணில் சுண்டுவிரல் நுழைந்தால் குருவித் தலையும் நுழையும் என்று எனக்குக் கணக்குச் சொன்னாள். அடுத்தது கொசுவலை, அதில் நகம் மாட்டியது. அப்புறம் பழைய வேட்டிகளைத் தைத்துத் தொங்கவிட்டேன். ஆடிக் காற்றில் அடிப்பக்கம் தூக்கிக்கொண்டு பறந்தது. ஜன்னலுக்கு அடித்த கம்பி வலையையே அடிக்கலாமென்றால் அண்ணன் சம்மதிக்கவில்லை. "என் கட்டிலை நீங்க பாத்துக்கிட்டு இருக்கவாடா?" என்றார். பலகைத் தடுப்புக்கு ஆசாரி ஒரு மாதம் கேட்டார். இன்ஸ்பெக்டர் வர பத்து நாள்தான் இருந்தது. தவிர, பார்த்துவிட்டுப் போகிற ஆளுக்காக யாராவது தேக்குப் பலகை அறுப்பார்களா? அவர் போனதும் பிரித்துப் போடப்போகிற சங்கதிதானே.

அப்போதுதான் களஞ்சியத்தில் அடுக்கியிருந்த சாக்குகள் ஞாபகத்துக்கு வந்தன.

சாக்குகளைப் பற்றிச் சொல்லும் முன் பக்கிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கிரி எங்கள் பண்ணையில் அவன் அப்பன் காலத்திலிருந்து வேலை செய்கிறவன். அந்த வருஷம் குறுவைக்கு விவசாய ஆபீசிலிருந்து புது ரக விதை நெல் வந்தது. பூச்சி அண்டாமல் இருக்க அதில் செம்மண் நிறத்தில் ஒரு மருந்துத் தூள் தடவியிருந்தது. விதை கொடுத்தவர் காலிச் சாக்குகளை எரித்துவிடச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். நல்ல கோணிச் சாக்கை எரிக்கிறவன் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்திருக்க மாட்டான். நாற்றங்கால் விட்டு முடிந்ததும் பக்கிரி இரண்டு சாக்கு கேட்டான், கொடுத்தேன். மீதியை உதறி அடுக்கி வைத்தேன்.

பத்து நாள் கழித்துக் கொல்லைப்பக்கம் வந்து நின்றான்.

"ஐயா, அந்த வெதச் சாக்கு ஆவாதுங்க. கோழி படுக்கப் போட்டேன். தையல்ல ஒட்டியிருந்த நெல்லைக் கொத்தியிருக்கு போல. ஏழு கோழியும் கழுத்தைத் திருகிக்கிட்டுச் செத்துப்போச்சுங்க. மத்த சாக்கைக் குழி வெட்டிப் பொதைச்சிடலாமுங்க."

"சீக்கு வந்திருக்கும் பக்கிரி. வெயில் காலத்துல கோழி சாவறது புதுசா?"

"சீக்கு இல்லீங்க. நான் சீக்குக் கோழி பாத்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவன் போகாமல் நின்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தெருக்கோடியில் சிவப்புக் கொடி ஏறியிருந்த காலம். அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டு, சங்கத்து ஆட்கள் வாரம் ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் நிலத்தில் பாதி போனால் அது யாருக்குப் போகும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஏழு கோழிக்கும் ஈடு கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"சங்கத்துல சொல்லிக் குடுத்து அனுப்பிச்சாங்களா?" என்றேன்.

அவன் கையில் வைத்திருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் போனதுகூட அப்போது எனக்குத் திமிராகத்தான் பட்டது.

சாக்குகளை இழுத்து வெளியே போட்டபோது பக்கிரியின் முகம் ஞாபகத்துக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்து போய்விட்டது. பதினாறு சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியும் சணலும் வைத்து நானே தைத்தேன். மேல்பக்கத்தை உத்தரத்தோடு சேர்த்து ஆணி அடித்தேன். அடியில் மூங்கில் கோர்த்துத் தரையோடு தரையாகப் படியவைத்தேன். கனமான திரை. காற்றுக்கு அசையவில்லை. முட்டினால் அடிபடாது, கால் மாட்டாது, அந்தப் பக்கம் தெரியாது. என் ஆயுசில் கையால் செய்த ஒரே உருப்படியான வேலை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

நீலாம்பாள் மூலை மூலையாக விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு ஆணியின் முனை நீட்டிக்கொண்டிருந்ததை மடக்கச் சொன்னாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

"என்னமோ நெடி அடிக்குதே. இது வெதச் சாக்கா? மருந்து இருக்குமாங்க?"

"நல்லா உதறிட்டேன்."

"ஒதறினாப் போதுமா?"

"போதும்ங்கறேன். என்னை நம்ப மாட்டியா?"

அவள் ஊசியையும் சணலையும் எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

குருவிகளுக்குத் திரை மிகவும் பிடித்துவிட்டது. மூக்கால் பிடித்து ஏறின, இறங்கின. சணல் நாரை இழுத்து இழுத்து மென்றன. தையலில் ஒளிந்திருந்த நெல்லைக் கண்டுபிடித்து உரித்துத் தின்றன. "வெளையாட ஒரு சாமான் கெடச்சுது பாருங்க அதுகளுக்கு" என்று அவள் சிரித்தாள். நன்றாகவே செய்திருக்கிறீர்கள் என்றும் சொன்னாள். மூன்று நாள் அந்த வீட்டில் நான் ராஜா மாதிரி நடந்தேன்.

நான்காம் நாள், பினாங்கிலிருந்து வந்த கிழட்டு ஆண் குருவி கொம்பில் உட்காரப் போய்த் தவறித் தரையில் விழுந்தது. தூக்கி வைத்தாள். மறுபடி விழுந்தது. சாயங்காலத்துக்குள் அதன் கழுத்து பின்பக்கமாக முறுக்கிக்கொண்டது, கண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் இன்னும் இரண்டு. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டர் நல்ல மனிதர்தான்; இந்தச் சாதிப் பறவைக்கு வைத்தியம் தெரியாது என்று உள்ளதைச் சொன்னார்.

திரும்பி வந்தபோது அண்ணன் திண்டில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சீக்கு வந்திருக்கும்டா" என்றார்.

நான் பக்கிரிக்குச் சொன்ன அதே வார்த்தை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிமிஷமே மாடிக்கு ஓடித் திரையைக் கிழித்திருக்க வேண்டும். செய்யவில்லை. கிழித்தால் ஏன் என்று கேட்பாள். தெரிந்தே செய்தேன் என்று என் வாயால் சொல்ல வேண்டிவரும். பயந்துகொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு ராத்திரியும் மீதி மூன்று குருவிகள் அந்தச் சாக்கில்தான் ஏறிக்கொண்டிருந்தன.

ராத்திரியே இன்னொன்றும் போயிற்று. காலையில் செத்துப்போன நான்கையும் முறத்தில் எடுத்துக்கொண்டு நீலாம்பாள் கொல்லைக்கு வந்தாள். மாதுளைச் செடியடியில் ஒரு குழி வெட்டச் சொல்லிப் பக்கிரியைக் கூப்பிட்டாள். அவன் மண்வெட்டியோடு வந்தவன், முறத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். குனிந்து ஒரு நீலக் குருவியின் தலையை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தான். விரலை எடுத்ததும் அது பழையபடி முறுக்கிக்கொண்டது.

"அம்மா, மாடியில வெதச் சாக்கு எதுனா போட்டிருக்கீங்களா?"

"திரை கட்டியிருக்கோம். ஏன்?"

"என் கோழியும் இப்படித்தாம்மா போச்சு, ஏழும். ஐயாகிட்ட அன்னைக்கே வந்து சொன்னனே. பொதைச்சிடுங்கன்னு சொன்னனே."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. ஐயா மறந்திருப்பார் என்கிற குரல். அது இன்னும் மோசமாக இருந்தது. நீலாம்பாள் என் பக்கம் திரும்பினாள்.

"சொன்னாரா?"

நான் மாதுளைச் செடியைப் பார்த்தேன்.

அவள் பக்கிரியை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். எங்கள் வீட்டு மாடிப்படியில் அவன் கால் வைத்தது அன்றுதான். இரண்டு பேரும் சேர்ந்து திரையைப் பிய்த்து இறக்கி, அரையாள் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தார்கள். நான் கைகொடுக்கப் போனேன். "நீங்க இருங்க" என்றாள். மீதி இரண்டு குருவிகளையும் மடியில் வைத்துக்கொண்டு சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டாள். ஒன்று மத்தியானம் போயிற்று. மற்றது விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போயிற்று.

இன்ஸ்பெக்டர் வர இரண்டு நாள் இருந்தது. அண்ணன் ஒரு பழைய ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து அறையின் நடுவில் கொடியில் போட்டார். மேலே ஒரு முழம் சந்து, கீழே ஒரு முழம் சந்து. பறக்க ஒன்றும் இல்லாத அறைக்கு அது போதும்.

இன்ஸ்பெக்டர் காலை பதினோரு மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், குடையும் நோட்டும் வைத்திருந்தார். கூர்ச்சீட்டைப் படித்தார். மாடியை அளந்தார். ஜமுக்காளத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தார். வடக்குப் பாதியில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெற்குப் பாதியின் மூலையில் கல்லும் பானையும் ஏதோ கிடந்தன, நான் கவனிக்கவில்லை. கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்தவர், மோர் கொண்டுவந்த நீலாம்பாளிடம் சட்டென்று கேட்டார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. இந்த வீட்டுல எத்தனை அடுப்பு எரியுது?"

அண்ணன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். ஒன்று என்று அவள் சொன்னால் பதினைந்து ஏக்கர் போச்சு. சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"மூணுங்க" என்றாள்.

"மூணா? அண்ணன், தம்பி, ரெண்டு பேருதானே?"

"அவங்க அண்ணனுக்கு ஒண்ணு. அவங்களுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "சரிதாம்மா, ரெண்டுக்கு மேலன்னா கேள்வியே இல்லை" என்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அண்ணன் தெருவரை போய் வழியனுப்பிவிட்டு வந்து தொடையில் தட்டிக்கொண்டார். "கெட்டிக்காரிடா ஒன் பொண்டாட்டி. எப்படிச் சமாளிச்சா பாத்தியா!" நிலம் தப்பித்தது. ஒரு குழிகூடப் போகவில்லை.

மத்தியானம் கைகால் கழுவிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அண்ணி பிரகதாம்பாள் தன் அடுப்பில் குழம்பு இறக்கிக்கொண்டிருந்தாள். என் அடுப்பில் சாம்பல்கூடச் சுடவில்லை. மாடிக்குப் போனேன். தெற்குப் பாதியில், குருவிக் கூண்டு இருந்த மூலையில், மூன்று செங்கல் வைத்துச் சின்னப் பானை ஏற்றியிருந்தாள். சுள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஒருத்திக்கு மட்டும் வடித்த சோற்றை மந்தார இலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூண்டுக் கதவு திறந்தே இருந்தது.

"எனக்குச் சோறு?" என்றேன்.

"ஒங்க அடுப்பு கீழ இருக்குங்க" என்றாள்.