அரைக்கீரைக்கு ஒரு டபுள் டூட்டி

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, திருடினேன். வேலூரில் ஓர் இயற்கை அங்காடியில் எனக்கு முன்னால் நின்ற கர்ப்பிணி, "மருந்து அடிக்கலன்னு எப்படிங்க நம்புறது?" என்று கேட்டாள். கடைக்காரர் சூரியபிரகாஷ் ஓட்டை விழுந்த அரைக்கீரை இலை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"பூச்சியே நம்பி சாப்ட்டிருக்கு மேடம்."

மார்க்கெட்டில் பூச்சி தின்ற கட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள், இங்கே அதற்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கிறார்கள். அவளும் கொடுத்தாள். பின்னால் நின்ற இந்த மேதாவியும் கொடுத்தான்.

2

அவளுக்கு ரெனிட்டா என்று பெயர் வைத்தேன். ஆம்பூரில் வீடு, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. கணவன் ஜெஸ்டன் தோல் பதனிடும் டேனரியில் சூப்பர்வைசர்.

தொடக்கம் ஒன்று: விடியற்காலைப் பாலாறு சலசலவென்று—

(அடித்துவிட்டேன். ஆற்றில் மணல்தான் இருக்கிறது. யாரை ஏமாற்ற?)

தொடக்கம் இரண்டு: போன வருஷம் ரெனிட்டாவுக்கு மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாமல் தவிப்பவளிடம் எதையும் விற்கலாம். இப்போது மறுபடி நாலாம் மாதம். சம்பளத்தில் கட்டுப்படியாகாத இயற்கைக் காய்கறிக்காக டபுள் டூட்டி பார்க்கிறாள். அதிக நேரம் நிற்கக் கூடாது என்று அவளுடைய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

"இன்னா ரெனி, கொழந்தைக்கு நல்லதுன்னு கீர வாங்குற. அதுக்காக நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்குது," என்றான் ஜெஸ்டன்.

"அப்ப விஷத்த சாப்ட சொல்றீங்களா?"

"நாமெல்லாம் மார்க்கெட் கீர தின்னுதான வளந்தோம்?"

"அதான் தெரியுதே லட்சணம்."

(ஜெஸ்டன் எனக்குத் தொல்லை கொடுக்கிறான். அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. கணவன் பக்கம் நியாயம் இருந்தால் கதை எடுபடாது. கஞ்சனாக்கிவிடலாமா? வேண்டாம், பிழைத்துப் போகட்டும்.)

4

பிறகு அவளைக் கீரை ஆய வைத்தேன். தண்டு தண்டாக ஆய்ந்து, சட்டியில் போட்டு, குழாயைத் திறந்து நன்றாக அலசினாள். எழுதி முடித்து, டீ குடித்து, என்னை நானே மெச்சிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. எந்தக் குழாய்?*

*வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே கேன் தண்ணீர் குடிக்க மட்டும்தான். அரிசி களைய, கீரை அலச, குழம்பு வைக்க எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். வாயில் வைக்க முடியாது. ஆனால் கொதித்தால் சரியாகிவிடும் என்று நம்புவோம். படித்த நர்ஸும் நம்புவாள். தோல் கழுவிய தண்ணீர் காலங்காலமாக எங்கே இறங்கியது என்று தெரிந்த ஜெஸ்டனும் நம்புவான்.

ஆக, மருந்தடிக்காத கீரையை இரண்டு மடங்கு விலைக்கு வாங்கி, அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டி, அதிலேயே வேகவைத்துத் தின்கிறாள். இரண்டு முறை திருத்தி எழுதியும் இது என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அலசிக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏங்க... இந்தத் தண்ணி..." என்றாள்.

ஜெஸ்டன் எட்டிக் குழாயை மூடினான்.

5

முடிவு அ: இயற்கை அங்காடியை விட்டுவிட்டுச் சமையலுக்கும் கேன் வாங்குகிறாள். (கேன்காரர் எங்கே போர் போட்டிருக்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.)

முடிவு ஆ: இரண்டையும் வாங்குகிறாள். டூட்டி இன்னும் ஜாஸ்தியாகிறது.

முடிவு இ: எதுவும் வேண்டாம் என்று மார்க்கெட் கீரையைத் தின்று, காலை நீட்டி உட்காருகிறாள். மறுபடியும் கலைந்தால் ஆயுசுக்கும் தன்னையே—

(இதை நான் முடிக்கமாட்டேன்.)

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல கீரையா, நல்ல தண்ணீரா, ஓய்வா என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பேரம் பேச வைக்கிற ஊரை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அதைக் கதையாக்கிப் பெயர் வாங்கப் பார்க்கிற என்னை நினைத்தாலும்தான்.

முடிவை நீங்களே சொல்லுங்கள். கையில் கீரையோடு ரெனிட்டா குழாயடியில் நிற்கிறாள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் அதிக நேரம் நிற்கக் கூடாது.