பழைய கம்ப்யூட்டர் போன ஊர்

உனாய்சி தையல் ஃபேக்டரி வேலையை உதறிவிட்டு, சொந்தமாகத் துணியில் அச்சுப் போடப் போகிறேன் என்று கிளம்பியபோது, எங்கள் தீவில் சுவாவிலிருந்து நவுசோரி வரைக்கும் இருந்த சொந்தக்காரர்களில் ஒருவர் விடாமல் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். அவள் அக்கா தராய்வினி மட்டும் புத்தி சொல்லவில்லை. "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். அதே தராய்வினிதான் இப்போது மகன் கல்யாணத்துக்குத் துணி கேட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும், கைக்குழந்தை முதல் தள்ளாத கிழவர் வரை, ஒரே பூவேலைத் துணியில்தான் வந்து இறங்குவார்கள். துணி சோபிக்கவில்லையென்றால் ஊர் ஒரு வருஷத்துக்கு அதையே பேசும்.

"தங்கச்சியாச்சேன்னு உங்கிட்ட கேக்கறேன்," என்றாள் தராய்வினி. "கல்யாணம் ரெண்டு வாரத்துல, சனிக்கிழமை. அதுக்கு முந்தின வியாழக்கிழமை தையக்காரி கைக்குத் துணி போயாகணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, கடையில வாங்கிக்கறேன். அப்புறம் என் மானத்த வாங்காத."

"முடியும்க்கா," என்றாள் உனாய்சி. சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முதுகிலும் தன் கைவேலை ஏறி வரும் என்ற நினைப்பே அவளுக்குப் பாதி வயிற்றை நிரப்பியது.

பூவேலை வரைவதற்கு அவளிடம் ஒரு புரோகிராம் இருந்தது. அதில் வரைந்ததை ஒரு வெட்டுமெஷின் பிளாஸ்டிக் தாளில் அப்படியே வெட்டிக் கொடுக்கும். அந்தத் தாளைத் துணிமேல் விரித்து, ஸ்பாஞ்சால் சாயம் ஒற்ற வேண்டியதுதான். எல்லாம் சரி, கம்ப்யூட்டர்தான் பழசு. காலையில் போட்டால் தேநீர் குடித்து முடிக்கும்போது கண் திறக்கும். பெரிய வேலை வந்திருக்கிறதே, இனி இந்த முக்கல் முனகல் வேண்டாம் என்று புதியது ஒன்று வாங்கிவந்தாள்.

பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலையை அவளே செய்தாள். திரையில் வரிசையாக இருந்த குட்டிப் படங்களை ஒவ்வொன்றாகப் பென் டிரைவில் இழுத்துப் போட்டாள்; வரைந்து வைத்திருந்த பூவேலைகளையும் போட்டாள்; அதைக் கொண்டுபோய்ப் புதியதில் இறக்கினாள். எல்லாப் படங்களும் பழைய இடத்திலேயே சமர்த்தாக வந்து உட்கார்ந்தன. இதற்குப் போய்க் கம்ப்யூட்டர் கடைக்காரர் தனியாகக் கூலி கேட்டாரே என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து, டாலோ கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த பலுசாமிக் கீரையும் பரிமாறியிருந்த நேரத்துக்குச் சரியாக நெத்தானி வந்து சேர்ந்தான். நெத்தானி அவளுடைய அத்தை மகன். சாப்பாட்டு நேரம் அவனுக்கு எங்கிருந்தாலும் தெரிந்துவிடும். மூன்றாவது கிழங்கை முடித்துக்கொண்டே மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"அது சும்மாதான கெடக்கு புள்ள? கெரெகெரே. பசங்க படிப்புக்கு ஆகும்."

சொந்தக்காரன் வாயிலிருந்து கெரெகெரே என்று வந்துவிட்டால் அப்புறம் இல்லை என்கிற பேச்சே கிடையாது. கேட்டவனுக்கு வெட்கமில்லை, கொடுத்தவளுக்கு வருத்தமில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால்தான் வெட்கம். உனாய்சியே வயரைச் சுருட்டிக் கொடுத்து, "எடுத்துக்க மச்சான்" என்று அனுப்பிவைத்தாள்.

அந்த வாரம் முழுக்கத் துணி வாங்கவும் அலசி உலர்த்தவும் சரியாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமை காலையில்தான் புதிய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து பூவேலைப் புரோகிராமின் குட்டிப் படத்தைச் சொடுக்கினாள். அப்படியொன்று இங்கே இல்லை என்றது. மற்றதைச் சொடுக்கினாள். அதுவும் இல்லையாம்.

கடைக்காரருக்கு ஃபோன் போட்டாள். அவர் கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தார்.

"நீங்க வீடு மாத்தலம்மா. வாசல்ல இருந்த பேர்ப்பலகைய மட்டும் கழட்டிட்டு வந்து இங்க மாட்டியிருக்கீங்க. வீடு அங்கயே நிக்குது."

மனிதர் நல்லவர். ஃபோனிலேயே வழி சொல்லிக் கொடுத்து, எல்லாப் புரோகிராம்களையும் கம்பெனிக்காரர்களிடமிருந்து நேராக இறக்கிக்கொள்ள வைத்தார். ஒவ்வொன்றாக உயிர் வந்தது. பூவேலைப் புரோகிராம் மட்டும் முரண்டு பிடித்தது. நான் ஏற்கெனவே வேறொரு கம்ப்யூட்டரில் குடியிருக்கிறேன், ஒரு நேரத்தில் ஒரு வீடுதான், அங்கே போய் என்னை விடுவித்துவிட்டு வா என்று எழுதிக் காட்டியது.

"நாலு சொடுக்கு வேலைதான்," என்றார் கடைக்காரர். "பழச ஆன் பண்ணி விடுவிக்கச் சொல்லுங்க. பழசு பத்திரமாத்தான இருக்கு?"

உனாய்சி நவுசோரிக்கு பஸ் ஏறினாள். நெத்தானி வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்தக் கம்ப்யூட்டர ரெண்டு நிமிஷம் பாக்கணும். திருப்பிக் கேக்கல, பாத்துட்டுக் கொடுத்துடறேன்."

நெத்தானி துருவுவதை நிறுத்தவில்லை. "அது ஒரு ராத்திரிதான் இங்க இருந்துச்சு. மறுநாளே கெலெரா வந்தா. பாத்தா. கேட்டா."

கெலெரா அவன் தங்கை. தைலேவுப் பக்கம் நைவிசெரே கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

"கேட்டா கொடுத்துடுவியா?"

"நீ கொடுக்கலையா?" என்றான் நெத்தானி.

கெலெரா வீட்டுக்குத் தனியாகப் போக உனாய்சிக்குத் தைரியமில்லை. கெலெரா வாயில் விழுந்து எழுந்தவர்கள் குறைவு. இந்த மாதிரி விஷயத்தை ஃபோனில் கேட்கிற வழக்கமும் எங்களுக்கில்லை. "நாளைக்கு நீயும் வர்ற," என்று நெத்தானியிடம் கறாராகச் சொல்லிவிட்டு, பெரியவர்கள் முன்னால் வைத்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டும் ஒரு பிஸ்கட் டின்னும் வாங்கி வைத்துக்கொண்டாள். இரவெல்லாம் கடையில் துணி வாங்கும் தராய்வினியின் முகமே வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை நைவிசெரேயில் இறங்கியதும் யங்கோனாவைக் கெலெராவின் மாமனார் முன்னால் வைத்தார்கள். அவர் முறைப்படி கை தட்டி ஏற்றுக்கொண்டார். அதன்பிறகுதான் கெலெரா வாயைத் திறந்தாள்.

"யாரு, பட்டணத்து முதலாளியம்மாவா? வழி மறந்து வந்துட்டியாடி? அண்ணனையும் இழுத்துட்டு வந்திருக்க. பஸ்ல ரெண்டு பேர் இடம் வாங்கினானா, மூணு பேர் இடமா?"

"உன்னப் பாக்கணும்போல இருந்துச்சு மதினி."

"பிஸ்கட் டின்னோட வந்து பாக்கற அளவுக்கு என் மூஞ்சி அவ்ளோ அழகா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே கூட்டிப்போனாள் கெலெரா.

பழைய கம்ப்யூட்டர் வீட்டின் நடுவில், பாய்மேல் ஒரு பலகை போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. சுற்றி நான்கைந்து பெண்கள். திரையில் பூவேலைப் புரோகிராம் திறந்திருந்தது. விரித்த கை போன்ற ஈரப்பலா இலைகள் ஓரமெல்லாம் வளைந்து ஓட, நடுவே ஆமைகள் ஒன்றன் பின் ஒன்றாக நீந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஆமையும் வெவ்வேறு பக்கம் தலை திருப்பியிருந்தது.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான்," என்றாள் கெலெரா. "உள்ள இது கெடந்துச்சு, நோண்டிப் பாத்தேன். சர்ச் பொம்பளைங்க இடுப்புல கட்டற சுலுவுக்கு இதுதான் போடப் போறோம். நல்லால்லையா?"

நல்லாயிருந்தது, அதுதான் கஷ்டம். உனாய்சி இத்தனை வருஷமாக முக்கோணத்தையும் கட்டத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவள். கல்யாணத் துணிக்கும் முக்கோணம்தான் வரைந்து வைத்திருந்தாள். அவளுக்குப் பொறாமை வந்தது. அதைவிட, இதைப் பிடுங்கத்தானே வந்திருக்கிறோம் என்று கூச்சமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னாள்: புரோகிராம் ஒரு வீட்டில்தான் இருக்குமாம்; இங்கே விடுவித்தால்தான் அங்கே வருமாம்; வியாழக்கிழமைக்குள் துணி முடியாவிட்டால் அக்கா முகத்தில் விழிக்க முடியாது.

கெலெரா திரையைப் பார்த்தாள், அப்புறம் இவளைப் பார்த்தாள்.

"கதை சொல்ற. கேக்க மாட்டேங்கற. வாயத் தொறந்து முறையா கேளு."

"கெரெகெரே மதினி," என்றாள் உனாய்சி.

"எடுத்துக்க."

விடுவிக்க இன்டர்நெட் வேண்டும். நைவிசெரேயில் சிக்னல் தரையில் நடமாடுவதில்லை. நெத்தானி ஃபோனோடு மழைத்தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"வந்துச்சா?"

"இல்ல. இன்னும் தூக்கு."

"இதுக்கு மேல தூக்கணும்னா என்னைத்தான் தூக்கணும். இப்ப?"

"வந்துச்சு, ஆடாம நில்லு."

நான்கு சொடுக்கு. விடுவித்தாகிவிட்டது என்று வந்தது. கெலெரா குனிந்து தன் ஆமைகளைச் சொடுக்கிப் பார்த்தாள். திறக்கவில்லை. இன்னொரு தடவை சொடுக்கினாள். பிறகு சுலுவின் ஓரத்தால் திரையைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உனாய்சிக்கு அது திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

சாப்பாட்டில் மீன் இருந்தது, தேங்காய்ப்பால் இருந்தது, உனாய்சிக்குத்தான் இறங்கவில்லை. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்கும்போது கெலெரா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப என் முறை. நானும் ஒண்ணு கேக்கறேன்."

"கேளு மதினி."

"கெரெகெரே. உன் புதுக் கம்ப்யூட்டர்."

மாமனார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நெத்தானிகூட மெல்லுவதை நிறுத்தினான். உனாய்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். புதுக் கம்ப்யூட்டர் போனால் புரோகிராமும் போச்சு, துணியும் போச்சு, ஃபேக்டரியை விட்ட நாளிலிருந்து கட்டி நிறுத்தியது எல்லாம் போச்சு. ஆனாலும் தான் கேட்டபோது அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசிக்கும் உரிமை தனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

"எடுத்துக்க," என்றாள். கண் கலங்கிவிட்டது.

கெலெரா அவளை நன்றாக வேகவிட்டாள். அப்புறம் தொடையில் அடித்துக்கொண்டு, பாய் அதிரச் சிரித்தாள். "பாருங்கடி இவ மூஞ்சிய! புருஷன் ஓடிப்போனவ மாதிரி. அத்த மக உனக்கு இதுகூட செய்யலன்னா அப்புறம் என்ன ஒறவு?" பெண்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். உனாய்சியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"கம்ப்யூட்டர நீயே வெச்சுக்க," என்றாள் கெலெரா சிரிப்பு அடங்கியதும். "எனக்கு அதுக்கு முன்னாடி ஒரு நாற்காலி வேணும். ஒரு வாரம் வரைஞ்சு பாத்துட்டேன், இனி என்னால சும்மா இருக்க முடியாது."

"ஒரு நாற்காலிதான் மதினி இருக்கு."

"அப்ப நீ நின்னுக்க."

அன்று மாலை பஸ்ஸிலேயே, ஆமைகளை உனாய்சியின் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, கெலெராவும் கிளம்பிவிட்டாள். அடுத்த நாள் வெட்டுமெஷினுக்கு மூச்சுவிட நேரமில்லை. கல்யாணத்துக்கு எதை வெட்டுவது என்பதில் உனாய்சி கொஞ்ச நேரம் தன் முக்கோணத்தையும் ஆமையையும் மாறி மாறிப் பார்த்தாள். மனசு அடித்துக்கொண்டது. அப்புறம் ஆமையையே வெட்டினாள். சர்ச் பெண்களுக்கு வேறு வரைந்து தருவதாகக் கெலெரா சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை காலையில் துணி தையக்காரி கைக்குப் போனது, சாயம் காய்ந்த கையோடு.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சர்ச் வாசலில் வந்து இறங்கியபோது பெண் வீட்டுப் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தராய்வினி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். ஃபேக்டரியை விட்டதற்குப் புத்தி சொன்னவர்கள் எல்லோரும் அந்த ஆமைகளைத்தான் உடுத்தியிருந்தார்கள். விருந்தில் ஒரு பெரியவர் உனாய்சியைக் கூப்பிட்டு, "எல்லாம் உன் கைவேலையாம்மா?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள்.

"ஒத்தினது நான். வரைஞ்சது அதோ, எங்க கெலெரா மதினி," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் தொழில் பண்றோம்."

இதை அவள் கெலெராவிடமே இன்னும் சொல்லியிருக்கவில்லை. கெலெரா கையில் எடுத்த கிழங்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தாள். ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் அந்தக் கிழங்கை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை உனாய்சியின் தட்டில் வைத்தாள்.